தீவில் ஒரு புத்தக அறை, அதில் செய்னம்பு அக்கா

வெள்ளிக்கிழமை காலை விளக்கேற்றி முடித்து, அன்றாடம் எழுதும் நோட்டைத் திறந்து வைத்திருந்தேன். கேஸ் மாற்றிய நாள், வீட்டுக்கு வந்துபோனவர்கள், மழை பெய்ததா இல்லையா, கோயிலில் என்ன பூசை என்று நாலு வரி எழுதாவிட்டால் எனக்கு நாள் தொடங்காது. அந்த நேரத்தில் கைப்பேசியில் செய்னம்பு அக்காவின் மகள் ஃபரிதா பேசினாள். "ஆண்டி, அம்மா விடியக்காலை சுபுஹு நேரத்துல மவுத்தாயிட்டாங்க. ஜும்மாவுக்கு அப்புறம் எடுத்துருவாங்க. முடிஞ்சா வாங்க." மளிகைக் கடைக்குச் சாமான் சொல்வதுபோல ஒரே சீராகச் சொன்னாள். நானும் சரி என்றேன். நோட்டில் "செய்னம்பு அக்கா தவறினார்" என்று எழுதினேன். அதற்குக் கீழே "துணி ஊற வைத்தது" என்று எழுதினேன். பிறகு எடுத்துப் பார்த்தபோது இரண்டு வரிக்கும் கையெழுத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை.

நாங்கள் இருக்கும் டுரியான் துங்காலிலிருந்து ஃபரிதா இருக்கும் தஞ்சோங் கிளிங் வரை என் வீட்டுக்காரர் கார் ஓட்டினார். ஃபரிதா வீட்டு நடுக்கூடத்தில் அக்காவைக் கிடத்தியிருந்தார்கள். வெள்ளைத் துணிக்குள் முகம் மட்டும் தெரிந்தது. பார்த்தேன். மூக்குக் கண்ணாடி இல்லாமல் இருக்கிறாரே என்று மட்டும் தோன்றியது. வேறொன்றும் தோன்றவில்லை. ஆண்கள் எடுத்துப் போனார்கள், பெண்கள் இருந்துவிட்டோம், எனக்கு ஒரு கிளாஸ் தேநீர் கொடுத்தார்கள், குடித்தேன். இன்றைக்கு இதை எழுதும் வரைக்கும் நான் அழவில்லை. ஏன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

அக்காவுக்காக ஒரு நினைவு மலர் போடப்போவதாக நகரத்துச் சங்கத்தின் செயலாளர் அம்மா என்னை அழைத்தார். "நீங்கதானே அந்த லைப்ரரியில ரொம்ப வருஷம் கூட இருந்தீங்க, நீங்கதான் எழுதணும்" என்றார். கூடவே, "அங்க இருந்த எல்லாப் புத்தகத்தையும் அவங்க படிச்சிருந்தாங்கன்னு ஒரு வரி கண்டிப்பா வரணும்ங்க. எல்லாரும் அதத்தான் சொல்றாங்க" என்றும் சொன்னார்.

அந்த ஒரு வரியை என்னால் எழுத முடியாது. ஏன் முடியாது என்பதை யாரிடமும் சொல்லமாட்டேன் என்று அக்காவுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். பொய் எழுதினால் சாமிக்கு முன்னால் போய் நிற்க முடியாது. உண்மையை எழுதினால் இறந்துபோன ஒருவரை நாலு பேர் முன்னால் தலைகுனிய வைத்ததாகிவிடும். பத்து நாள் மலருக்கென்று பேனாவைத் தொடாமல் இருந்தேன். இப்போது எழுதுகிறேன் என்றால், அதற்கு யாரிடம் அனுமதி வாங்கினேன் என்பதையும் சொல்லித்தான் முடிப்பேன்.

உங்களில் பலர் அக்காவின் அந்தப் புத்தக அறைக்கு வந்திருப்பீர்கள். வராதவர்களுக்காகச் சொல்கிறேன். கரையிலிருந்து படகில் கால் மணி நேரத்தில் போய்விடக்கூடிய சின்னத் தீவு அது. அப்போது அங்கே ஒரு ஹோட்டல் இருந்தது. பெம்பான் பக்கம் நாங்கள் இருந்த ரப்பர் தோட்டம் கைமாறி, வரிசையாகக் கட்டிய லயத்து வீடுகளைக் காலி செய்யச் சொன்னபோது, என் வீட்டுக்காரருக்கு அந்த ஹோட்டலில் தோட்டக்கார வேலை கிடைத்தது. அதனால் தீவுக்குப் போனோம். எங்களைப்போல வேறு வேறு தோட்டங்களிலிருந்து வந்த பத்துப் பன்னிரண்டு தமிழ்க் குடும்பங்கள் வேலையாட்கள் குடியிருப்பில் இருந்தன. செய்னம்பு அக்காவின் கணவர் காசிம் அண்ணன் படகு ஓட்டினார். அக்கா படகுத்துறைக்குப் பக்கத்தில் தேநீரும் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறும் விற்கும் சின்னக் கடை வைத்திருந்தார்.

நூலகம் அந்தக் கடையில் ஒரு சவர்க்காரப் பெட்டியில்தான் தொடங்கியது. படகுக்குக் காத்திருப்பவர்கள் படித்துவிட்டு விட்டுப்போன வார இதழ்களை அக்கா அதில் போட்டு வைப்பார். ஹோட்டலில் சமையல் செய்த ஒரு பெரியவர் வேலையை விட்டு ஊருக்குப் போகும்போது ஒரு மூட்டைப் புத்தகத்தைத் தூக்க முடியாமல் அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போனார். பெட்டி போதவில்லை. அக்கா நேரே மேனேஜரிடம் போய், உயிர்காப்பு மேலங்கிகள் போட்டு வைத்திருந்த அறையைக் கேட்டு வாங்கிவிட்டார். மேலங்கிகளை எங்கே வைப்பது என்று மேனேஜர் கேட்டதற்கு, "படகுலதானே சார் வைக்கணும், ரூம்லயா கப்பல் கவிழப்போவுது?" என்றாராம். காசிம் அண்ணன் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

ஒரு பக்கம் தமிழ்ப் புத்தகங்கள், ஒரு பக்கம் மலாய்ப் புத்தகங்கள். மீன் பிடிப்பவர்கள் வீட்டு மலாய்ப் பெண்கள் காதல் கதை எடுக்க வருவார்கள். கரையில் இருந்தவர்களுக்குக்கூட காசிம் அண்ணன் அரிசிப் பையில் சுற்றிப் படகில் புத்தகம் கொண்டுபோய்க் கொடுப்பார். கடிதம் வர மூன்று நாள் ஆகும் இடத்தில், மருந்துக்குக் கரைக்குப் போக வேண்டிய இடத்தில், எங்களுக்கென்று திறந்திருந்த ஒரே கதவு அது. பிள்ளைகளுக்கு விண்ணப்பப் பாரம் நிரப்புவது, சண்டை போட்ட புருஷன் பெண்டாட்டியைப் பேச வைப்பது, ஊருக்குப் போனவர்களைப் பற்றி விசாரிப்பது எல்லாம் அங்கேதான்.

நான் மூன்றாம் வகுப்பு வரைதான் படித்தவள். பால்மரம் வெட்டப் போன அம்மாவுக்குப் பதிலாகத் தம்பிகளைப் பார்த்துக்கொண்டதில் பள்ளிக்கூடம் போய்விட்டது. மிச்ச எழுத்தெல்லாம் அந்த அறையில் நானாகக் கூட்டிக் கூட்டிப் படித்துக் கற்றுக்கொண்டது. எதையும் எழுதி வைக்கும் பழக்கம் எனக்கு இருப்பதைப் பார்த்துவிட்டு, "பதிவு நோட்டு இனிமே உன்னோடது லெட்சுமி, எனக்குக் கடையப் பார்க்கவே நேரம் பத்தல" என்று அக்கா என்னிடம் கொடுத்துவிட்டார். யார், எந்தப் புத்தகம், எந்த நாள் என்று ஒன்று விடாமல் எழுதினேன். எதற்காக என்னிடம் கொடுத்தார் என்று அப்போது யோசிக்கவில்லை.

அக்காவுடைய சட்டம் ஒன்று இருந்தது. புத்தகத்தைத் திருப்பிக் கொண்டு வருகிறவர் பெஞ்சில் உட்கார்ந்து அதில் என்ன இருந்தது என்று சொல்ல வேண்டும். அக்கா கிளாஸ்களைத் துடைத்தபடி கேட்பார். நடுவில் ஒரு வார்த்தை பேசமாட்டார். முடிந்ததும் ஏதாவது ஒன்று கேட்பார். "அந்தத் தங்கச்சிக்காரி அப்புறம் என்னா ஆனா? அவள அப்படியே விட்டுட்டாங்களா?" நாம் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போயிருந்தால் மாட்டிக்கொள்வோம். "ஒழுங்கா படிச்சுட்டு நாளைக்கு வா லா" என்று அதே புத்தகத்தைத் திருப்பிக் கையில் கொடுத்துவிடுவார். இதற்குப் பயந்தே கடைசிப் பக்கம் வரைக்கும் படித்தவர்கள் உண்டு. நானும் ஒருத்தி.

கேட்டு வைத்ததை மறக்கமாட்டார். சலவைப் பகுதியில் வேலை செய்த பொன்னையா அண்ணன் ஒரு புத்தகத்தின்மேல் கை வைத்தால், "அது வேணாம் அண்ணே, அதுல மாமியார் நல்லவ. உங்க வீட்டுல பிரச்சினையாயிடும்" என்பார். அழுகிற கதை யாருக்கு ஆகும், யாருக்கு ஆகாது என்று அவருக்குத் தெரியும். எனக்கு ஒரு பிள்ளை தங்காமல் போன சமயத்தில் அவர் எடுத்துக் கொடுத்த புத்தகங்களில் ஒன்றில்கூட குழந்தை வரவில்லை. ரொம்ப நாள் கழித்துத்தான் அதை நான் கவனித்தேன். இப்படி ஒருவர் எல்லாவற்றையும் படித்திருக்கிறார் என்று நாங்கள் நினைத்ததில் என்ன ஆச்சரியம்?

சரஸ்வதி பூசை வந்தது. புத்தகங்களுக்குப் பூ வைக்கலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் ஐந்து வேளை தொழுகிறவர், நான் விரதம் பிடிக்கிறவள். "பூவ வச்சுக்கோ, சாமி கும்புட்டுக்கோ. தண்ணிய மட்டும் தெளிச்சிடாதே, பேப்பர் ஊறிடும்" என்றார். அன்றைக்கு நான் படைத்த சுண்டலைக் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் அவர்தான் அள்ளிக் கொடுத்தார்.

இனி நான் செய்த தவறைச் சொல்கிறேன்.

கடல் காற்றில் புத்தகங்களின் மேலட்டை நைந்துபோய்க் கிழிந்துகொண்டு வந்தது. பூஞ்சை வேறு. நான் கரைக்குப் போனபோது பழுப்புக் காகிதம் சுருள் சுருளாக வாங்கி வந்து, ஒரு மாதம் உட்கார்ந்து அத்தனை தமிழ்ப் புத்தகங்களுக்கும் அட்டை போட்டேன். முதுகில் புத்தகத்தின் பெயரை அழகாக, பெரிதாக எழுதினேன். அக்காவுக்குத் தெரியாமல் வீட்டில் வைத்துச் செய்து, ஒரு திங்கட்கிழமை அவர் கரைக்குப் போயிருந்தபோது எல்லாவற்றையும் அலமாரியில் அடுக்கினேன். வந்து பார்த்தால் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். வந்து பார்த்தார். "நல்லா இருக்கு" என்றார். உடனே கடைக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு எல்லாம் தப்பாகப் போனது. பொன்னையா அண்ணன் துப்பறியும் கதை கேட்டார். அக்கா கொடுத்தது குழந்தைகளுக்குப் பெயர் வைக்கும் புத்தகம். அவர் மறுநாள் வந்து, "ஏன் தங்கச்சி, இந்த வயசுல என்னய பேர் வைக்கச் சொல்றியே, உன் அண்ணிக்குத் தெரிஞ்சா என்னா ஆவுறது?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், அக்காவும் சிரித்தார். புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண்ணுக்கு ஈமச்சடங்கு முறைகள் எழுதிய புத்தகம் போனது. அதற்கு யாரும் சிரிக்கவில்லை. அப்புறம் அக்கா, "நீங்களே எடுத்துக்கோங்க, எனக்கு வேலை இருக்கு" என்று சொல்லத் தொடங்கினார். பிறகு தலைவலி என்று அறையைப் பூட்டிவிட்டார். ஒரு வாரம் திறக்கவில்லை.

எனக்குக் கோபம். நான் பாடுபட்டது பிடிக்கவில்லை, அதைத்தான் இப்படிக் காட்டுகிறார் என்று நினைத்தேன். கடைக்குப் போய், "என்னாக்கா, நான் அட்டை போட்டது உங்களுக்குக் குத்தமா?" என்று கேட்டேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு சாவியை எடுத்து, என்னை அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை உருவி நீட்டினார்.

"இது என்னா புஸ்தகம்?"

"மேலயே எழுதியிருக்கேனேக்கா."

"எழுதியிருக்கேன்னு எனக்கும் தெரியுது. என்னா எழுதியிருக்கே?"

அப்போதும் எனக்குப் புரியவில்லை. அவர்தான் சொன்னார். "எனக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது புள்ள. ஓதுவேன். அந்த அரபு எழுத்துலயே மலாய் எழுதுற ஜாவி தெரியும். மலாய் ஸ்கூல்ல போட்டாங்க, இங்கிலீஷ் எழுத்துல எழுதுற ரூமியும் படிப்பேன். தமிழ் வாய்க்குத்தான் வந்துச்சு, கண்ணுக்கு வரல. படத்தப் பார்த்துத்தான் எடுத்துக் கொடுத்தேன். செகப்புச் சேலைக்காரி, மாட்டு வண்டி, கத்தி வச்சவன்னு ஒவ்வொண்ணும் ஒரு அடையாளம். நீ எல்லாத்துக்கும் ஒரே சட்டய மாட்டிவிட்டுட்டே."

சட்டம் என்று நாங்கள் பயந்தது சட்டம் இல்லை. அவர் அத்தனை புத்தகங்களையும் எங்கள் வாயால் படித்துக்கொண்டிருந்தார்.

"தமிழ் தெரியாதவளுக்குத் தமிழ் லைப்ரரி எதுக்குன்னு யாராச்சும் கேட்டா நான் சாவியக் கொடுத்துட்டுப் போவணும். உசுரோட இருக்கிற வரைக்கும் யாருக்கும் சொல்லாதே" என்று கையைப் பிடித்துக்கொண்டார். முருகன்மேல் ஆணையாகச் சொல்லமாட்டேன் என்றேன். நான் எழுத்துச் சொல்லித் தருகிறேன் அக்கா என்றும் சொன்னேன். தலையை ஆட்டினார். "வேணாம். நான் படிக்க ஆரம்பிச்சுட்டா அப்புறம் எனக்கு யாரு கதை சொல்லுவா?"

இரண்டு நாள் பகலில் உட்கார்ந்து அத்தனை அட்டையையும் இருவரும் கழற்றினோம். ஏன் என்று கேட்டவர்களுக்குக் காகிதத்தில் பூச்சி வருகிறது என்று சொன்னேன். என் நோட்டில் அந்த நாளுக்கு நேரே, "பூச்சி என்று பொய் சொன்னேன், மன்னிக்கவும்" என்று எழுதி வைத்திருக்கிறேன்.

அடுத்த வருஷம் அவர் பயந்தது வந்தது. கரையிலிருந்து ஒரு மன்றத்தார் ஓர் இரும்பு அலமாரியும் புதுப் புத்தகங்களும் கொடுக்கப் படகில் வந்தார்கள். பெரிய மனதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் வந்தவர்களில் மூத்தவர் அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பொறுப்பில் படித்தவர் ஒருவர் இருப்பதுதானே முறை என்று ஆரம்பித்தார். பிறகு எல்லோரும் படத்துக்கு நின்றபோது, அன்பளிப்புக் கடிதத்தை அக்கா கையில் கொடுத்து, "நீங்களே சத்தமா வாசிங்கம்மா, எல்லாரும் கேக்கட்டும்" என்றார்.

அக்கா கடிதத்தைப் பார்த்தபடி நின்றார். நான் பக்கத்தில் நின்றேன். நானே வாங்கிப் படித்தால் காட்டிக்கொடுத்ததாகிவிடும் என்று எனக்குக் கை வரவில்லை. கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி மாட்டினார். படம் எடுப்பவர் காத்துக்கொண்டிருந்தார்.

பொன்னையா அண்ணன் பின்னாலிருந்து வந்து, அக்கா கையிலிருந்த கடிதத்தை எடுத்துக்கொண்டார். "இங்க அப்படியில்லங்க. இந்த லைப்ரரியில நாங்க வாசிப்போம், அவங்க கேப்பாங்க. எங்களுக்கு அதான் பழக்கம்" என்றார். பெஞ்சில் உட்கார்ந்து கடிதம் முழுவதையும் கதை சொல்வதுபோல வாசித்தார். அக்கா ஒரு கிளாஸை எடுத்துத் துடைக்கத் தொடங்கினார். கடிதம் முடிந்ததும், "அலமாரிக்குப் பூட்டு இருக்கான்னு அதுல எழுதியிருக்கா அண்ணே?" என்று கேட்டார். குடியிருப்புக்காரர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில்தான் எனக்குத் தெரிந்தது, அவர்கள் எல்லோருக்கும் தெரியும். நான் அட்டை போட்ட மாதமே தெரிந்திருக்கும். நான் சாமிமேல் ஆணையிட்டுக் காத்ததை அவர்கள் ஆணையில்லாமல் காத்திருக்கிறார்கள்.

மன்றத்தார் படித்த ஆசிரியர் ஒருவரைச் சனிக்கிழமைகளில் அனுப்பினார்கள். அவருக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு முறை வந்து, இரண்டு முறையும் படகில் வாந்தியெடுத்து, அதோடு நின்றுவிட்டார். சாவி அக்காவிடமே இருந்தது.

ஹோட்டலை மூடினார்கள். குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கரையேறின. நாங்களும் டுரியான் துங்காலுக்கு வந்தோம். அக்கா மட்டும் அறையை விடவில்லை. தீவுக்கு வந்துபோகிறவர்களுக்கும் மலாய்ப் பெண்களுக்கும் புத்தகம் கொடுத்துக்கொண்டிருந்தார். காசிம் அண்ணன் தவறிய பிறகும், பக்கவாதம் வந்து ஃபரிதா தன் வீட்டுக்குக் கூட்டி வரும் வரைக்கும் அங்கேதான் இருந்தார். இப்போது கமாரியா என்ற மீனவர் வீட்டு அம்மா வாரத்தில் ஒரு நாள் கதவைத் திறக்கிறார். தமிழ்ப் பக்கம் கேட்பார் இல்லை என்று சொல்கிறார்கள்.

போன வாரம் நான் ஃபரிதா வீட்டுக்குப் போனேன். சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நானும் சேர்ந்து ஆயும்போது தலையைத் தூக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். தன் அம்மாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்பது அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. கையிலிருந்த கீரைக் கட்டை ஆய்ந்து முடித்தாள். பிறகு சொன்னாள்.

"என்னயத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துல போடக்கூடாதுன்னு அத்தா வீட்டு ஆளுங்க எல்லாம் சொன்னாங்க ஆண்டி. தினமும் படகுல போய்ட்டு வரணுமே. அம்மா ஒத்தக் கால்ல நின்னு போட்டாங்க. சாயங்காலம் வந்ததும் பாடப் புஸ்தகத்தச் சத்தமா படிக்கச் சொல்லுவாங்க. மொத வகுப்புலேர்ந்து ஆறாம் வகுப்பு வரைக்கும். என்னய செக் பண்றாங்கன்னு நினைச்சேன்."

நான் எழுதட்டுமா, எழுத வேண்டாமா என்று கேட்டேன். நீ வேண்டாம் என்றால் மலருக்கு நான் எதுவுமே எழுதப்போவதில்லை என்றும் சொன்னேன்.

"உசுரோட இருக்கிற வரைக்கும்னுதானே சொன்னாங்க. எழுதுங்க. அவங்களுக்குத் தெரியாதுன்னு மட்டும் எழுதிட்டு விட்டுறாதீங்க ஆண்டி. எப்படித் தெரிஞ்சுகிட்டாங்கன்னும் எழுதுங்க."

எழுதிவிட்டேன். நேற்று அவளிடம் முதலிலிருந்து கடைசி வரை வாசித்துக் காட்டினேன். ஓர் இடத்தில் மட்டும் நிறுத்தி, அம்மாவுக்குக் கோபம் வரும் என்பதை எங்கேயும் எழுதவில்லையே என்றாள். உண்மைதான். நன்றாகக் கோபம் வரும். ஈரக் கையோடு புத்தகத்தைத் தொட்டால் தள்ளியே விட்டுவிடுவார்.

ஆகவே செயலாளர் அம்மாவுக்கும் மலரைப் படிப்பவர்களுக்கும்: செய்னம்பு அக்கா அந்த அறையில் இருந்த தமிழ்ப் புத்தகங்களில் ஒன்றைக்கூட வாசிக்கவில்லை. அவற்றில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்த அளவுக்கு எங்களில் யாருக்கும் தெரியாது. இரண்டு வரியையும் சேர்த்தே அச்சிட வேண்டுகிறேன்.

அக்காவின் பொருள் எதுவும் என்னிடம் இல்லை. ஒரு பழக்கம்தான் இருக்கிறது. படிக்கும்போதே இதை எப்படிச் சொல்வது, எந்த இடத்தைப் பற்றி அவர் கடைசியில் கேள்வி கேட்பார் என்று மனத்துக்குள் அடுக்கிக்கொண்டே படிப்பேன். அவர் போனபிறகும் அப்படித்தான் படிக்கிறேன். வேறு விதமாகப் படிக்க எனக்கு வரவில்லை. கடைசிப் பக்கம் முடிந்ததும், சொல்வதற்காகத் தலையை நிமிர்த்துகிறேன்.